கங்காணி வீட்டுக்கு வரும் சாமியார் மகன்

வண்டன்மேட்டில் ‘கங்காணி பாஸ்கல்’ என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். ஆள் ஒருநாளும் கங்காணி வேலை பார்த்தவர் இல்லை. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் இருபத்தெட்டு வருடமாக அடுப்புக்கு விறகு தள்ளுகிறவர். தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் கங்காணியாக இருந்தது தாத்தா. வேலை தாத்தாவோடு போயிற்று, பேர் மட்டும் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது.

மகள் சிஞ்சு கிரீஸ் நாட்டில் நர்ஸ். அங்கேயே நிக்கோஸ் என்று ஒரு பையனைப் பிடித்துப்போயிற்று. பாஸ்கல் ரெண்டு மாதம் முறுக்கிக்கொண்டு நின்றார். பையன் போனில் ஒரேயொரு தடவை ‘மாமா’ என்றதும் சரிந்துவிட்டார். இனி மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கப் பேர் எழுதிக் கொடுக்கவேண்டும். மூன்று ஞாயிறு பூசையில் பங்குச்சாமி பேரை வாசித்து, ‘தடை இருந்தால் சொல்லுங்கள்’ என்பார்.

முழுப்பேர் நிக்கோஸ் பாப்பாடோபுலோஸ். அதைப் பக்கத்து லயத்து வீட்டு மிக்கேல்ராஜிடம் காட்டியதுதான் தப்பு. அவர் உடனே போனைத் தட்டித் தேடினார்.

“மச்சான், அந்த ஊர்ல பாட்டன் பாத்த வேலதான் பல பேருக்குக் குடும்பப் பேராம்ல. ராப்டிஸ்னா தையக்காரன். மிலோனாஸ்னா மாவு மில்லுக்காரன்.”

“நம்ம மாப்ள?”

மிக்கேல்ராஜ் தொண்டையைச் செருமினார். “சாமியார் மகன்.”

“சாமியாருக்கு ஏதுலே மகன்?”

“அதத்தான நானும் கேக்கேன்.”

பாஸ்கல் வீட்டுக்குள் புகுந்து மனைவி அன்னமேரியிடம் குதித்தார். “இந்தப் பேர வாசிச்சா பங்குச்சாமி மூஞ்சில எப்படி முழிப்பேன்? கல்யாணமே வேணாம்!”

அன்னமேரி மீன் கழுவுவதை நிறுத்தவில்லை. “டவுன்ல யாக்கோபாய சபைக் கோயில் அச்சனும் சாமியார்தான, அவருக்குப் பொண்டாட்டி பிள்ள இல்லயா? அவுக வீட்டுல கப்பக்கிழங்கும் மீனும் மூக்கு முட்டத் தின்னீங்களே, அப்ப மூஞ்சி எங்க போச்சு? கிரீஸ்லயும் அப்படித்தானாம். சிஞ்சு சொன்னா. அதுவும் எந்தக் காலத்துப் பாட்டனோ. மாப்ளயோட அப்பா பஸ்ஸு ஓட்டுதாரு.”

“இருந்தாலும் பேரு…”

“உங்களக் கங்காணிங்கிறாக. நீங்க யார மேய்ச்சீங்க? வீட்டுல ரெண்டு கோழி, அதுவே உங்க பேச்சக் கேக்கல.”

பாஸ்கல் பேரை எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பங்குச்சாமி அந்தப் பேரில் மூன்று இடத்தில் தடுக்கி எழுந்தார். யாரும் தடை சொல்லவில்லை. பூசை முடிந்ததும் வாசலில், நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி மிக்கேல்ராஜ் ஆரம்பித்தார்.

“என்ன கங்காணி, சாமியார் மகன் என்னைக்கு வாராரு?”

“கிறிஸ்மஸுக்கு. ஏம்லே, உன் மகளுக்கும் அடுத்த வருசம் ஓலை வாசிக்கணும்ல? உன் தாத்தா மடியில திருட்டு ஏலக்கா கட்டிப் பிடிபட்டாரே, அந்த வேலையப் பேரோட சேத்து எழுதிரட்டா?”

மிக்கேல்ராஜ் செருப்பைத் தேடப் போனார். அது காலில்தான் இருந்தது.