நீலக் கோடு விழுந்த பாறை

இன்பெங் அண்ணனைப் பயந்தவர் என்று லாவோஸின் ஹுவே சாய் படகுத்துறையில் சொன்னால் சிரிப்பார்கள். பதினேழு வயதில் சரக்குப் படகின் முனையில் மூங்கில் கழியோடு நின்றவர். முப்பத்தைந்து வருடமாக மேகோங் ஆற்றில் சுக்கான் பிடிக்கிறவர். அவருடைய படகில் ஒன்பது வருடமாக நூடுல்சும் காப்பியும் விற்கிற எனக்கு மட்டும் தெரியும். போன மார்ச்சிலிருந்து அவர் காலையில் சாப்பிடுவதில்லை. ஒட்டரிசிச் சோற்றை உருண்டை பிடிப்பார். வெகுநேரம் கையில் வைத்திருந்துவிட்டு ஆற்றில் போட்டுவிடுவார்.

அந்த மார்ச்சில், தாய்லாந்துப் பக்கமிருந்து எல்லை தாண்டி முதுகுப் பையோடு வந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் எழுபது பேரை ஏற்றிக்கொண்டு போனோம். பக்பெங் துறை சேர இரண்டு மணி நேரம் இருக்கையில் படகு பாறையில் உரசியது. விளிம்பில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் முதுகுப் பையோடு ஆற்றில் விழுந்தாள். பை அவளைக் கீழே இழுத்தது. பின்னால் தோணியில் வந்த மீன்காரன் பையின் வாரைப் பிடித்துத் தூக்கினான். அவள் பிழைத்துக்கொண்டாள், மாலையில் என்னிடம் நூடுல்ஸ்கூட வாங்கிச் சாப்பிட்டாள். இன்பெங் அண்ணன்தான் துறை வந்த பிறகும் சுக்கானை விடவில்லை. கை பூட்டிக்கொண்டது. அவர் மனைவி மனிச்சன் அக்கா விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.

பயந்தவனுடைய குவான் என்கிற உயிராவி உடம்பை விட்டு இறங்கி, பயந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். அங்கே போய்க் கைவலையால் கோரி, வீட்டுக்கு அழைத்துவந்து, மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டவேண்டும். "வந்துடுச்சா?" என்று கேட்கும்போது அவன் வாயால் "வந்துடுச்சு" என்று சொல்லவேண்டும். சொன்னால்தான் ஆயிற்று.

மனிச்சன் அக்கா வலை கோரியது ஜூலையில். பாறைகளெல்லாம் வெள்ளத்துக்கு அடியில் கிடந்தன. ஒரு சுழலைக் காட்டி இதுதான் என்றாள், கோரினாள். அண்ணன் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. வீட்டில் எல்லோரும் நூலோடு காத்திருந்தபோது, தரையைப் பார்த்துக்கொண்டு "வந்துடுச்சு" என்றார்.

இந்தப் பிப்ரவரியில் ஒருநாள் காலை துறைக்கு வந்தால், ஆறு ஓர் ஆள் உயரம் இறங்கியிருந்தது. மேலே எந்த அணையை எப்போது மூடுகிறார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்வதில்லை. படகில் அறுபத்தெட்டு பேர் ஏறியாயிற்று.

"இன்னிக்கு வேற யாரையாச்சும் ஓட்டச் சொல்லேன், தாவ் அப்பா," என்றாள் அக்கா. தாவ் அவர்களுடைய மகள்.

"இன்னிக்கு விட்டா நாளைக்கும் விடுவேன். கை இன்னொரு தரம் பூட்டிக்கிச்சுன்னா நானே இறங்கிடுறேன். அப்புறம் சுக்கானைத் தொடமாட்டேன்."

அவர் அப்படிச் சொன்னால் செய்வார். அன்று நான் யாருக்கும் காப்பியைச் சிந்தாமல் ஊற்றவில்லை.

மதியம் தாண்டி ஆறு ஒடுங்கும் இடத்துக்கு வந்தோம். முன்பு பார்த்தேயிராத பாறைகள் இரண்டு பக்கமும் கறுப்பாக எழும்பி நின்றன. இடப்பக்கம் ஒன்றின் தோளில் நீளமாக ஒரு நீலக் கோடு. எங்கள் படகின் நீலம்.

அக்கா அதைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"நான் கோரினது இங்க இல்லையே. அந்த வளைவுக்கு அப்பால."

"ம்."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன்யா வந்துடுச்சுன்னு சொன்ன?"

"சொந்தக்காரங்க எல்லாம் நூலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. விருந்துக்குக் கோழி வேற வெந்துடுச்சு."

அவர் முன்னால் பார்த்தபடியே பேசினார். கழுத்தில் வியர்வை ஓடியது. சுக்கானில் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. நீரோட்டம் படகை இடப்பக்கம் தள்ளியது. அவர் கைகள் அசையவில்லை. பூட்டிவிட்டது என்று நினைத்தேன்.

கைவலை வீட்டில் இருந்தது. அக்கா என் அடுப்புக்கு ஓடிவந்து, நூடுல்ஸ் வடிக்கிற நீளப்பிடிக் கம்பிக் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு போனாள். அண்ணனின் இருக்கைப் பக்கமாகக் குனிந்து, பாறையை ஒட்டித் தண்ணீரைக் கோரினாள். "வா, குவானே. பாறையில உக்காராத. குளிருது, வா. வீட்டுக்கு வா."

பின்னாலிருந்து ஒரு வெளிநாட்டுப் பையன் எட்டிப் பார்த்து, அரைகுறை லாவோவில், "மீனா, அக்கா?" என்றான்.

"ஆமா, பெரிய மீன். முப்பது வருஷமா என்கூடத்தான் இருக்கு. உக்காருடா."

அப்போது அண்ணனுடைய வலது கட்டைவிரல் மேலே எழுந்தது. அடுத்து மற்ற விரல்கள். சுக்கான் கொஞ்சம் திரும்பியது, பிறகு நன்றாகத் திரும்பியது. பாறை ஒரு முழத் தூரத்தில் எங்களைக் கடந்து போனது. கோட்டின் மேல் நீலச் செதில்கள் காய்ந்து உரிந்து நிற்பது வரை தெரிந்தது. படகில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை, சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

ஆறு அகன்ற பிறகு அக்கா, என் அரிசிமூட்டை தைத்த நூலில் கொஞ்சம் பிரித்து அவர் மணிக்கட்டில் கட்டினாள். கரண்டியை அவர் மடிமேல் சொட்டவிட்டபடி கேட்டாள்:

"வந்துடுச்சா?"

அண்ணன் கையைச் சுக்கானிலிருந்து எடுத்துப் பார்த்தார். நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

"பாதி வந்திருக்கு," என்றார். "மீதியைத் திரும்பி ஆத்துல ஏறி வர்றப்ப எடுத்துக்கலாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, அந்தக் கரண்டியை வேறெதுக்கும் எடுத்துடாத."