பிரிண்டரில் சிக்கிய பெயர்ப் பட்டியல்

சண்டைக் காலத்தில், கொக்குவிலில் நான் கணினி பழகிய இடத்தில் இரண்டு கணினிக்கும் ஒரே பிரிண்டர்தான். எங்கடை குடும்பத்தில் முதலில் படித்தவன் நான் என்பதால், வேலைக்கு விண்ணப்பம் அச்சிட அவசரப்பட்டேன். விட்டுவிடாமல் நீளமாக வரும் தொடர்தாள் நெளிந்து பிரிண்டர் நின்றிருந்தது. யாரிடமும் கேட்காமல் தாளை நேராக்கினேன், ஓடத் தொடங்கியது. வந்ததைக் கிழித்து, பார்க்காமலே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

வழியில் காவலரணில், சென்றியில் நின்ற ஆமிக்காரன் என்னைச் சோதித்துத் தாளை விரித்தான். என் விண்ணப்பத்துக்கு மேலே இருபது பொடியன்களின் பெயரும் ஊரும் இருந்தன. தலைப்பு இல்லாததால், இயக்கத்தில் சேர்ந்தவர்களின் பட்டியல் போலவே இருந்தது. தமிழ் தெரிந்தவனைக் கூப்பிட்டான்.

“ஆர் இவங்கள்?”

“தெரியாது சேர்.”

“தெரியாமலோ சட்டைப்பைக்குள்ளை வைச்சிருக்கிறாய்?”

அப்போது, அடுத்த கணினியில் வேலை செய்யும் சுகந்தி அக்கா, தன் பட்டியலின் மிச்சத்தைத் தேடி, சைக்கிளை வேகமாக உழக்கிக்கொண்டு வந்தார். அவர் கையில் பட்டியலின் முதல் பக்கம். கரப்பந்தாட்டப் போட்டிக்குப் பதிந்தவர்கள் என்று தலைப்பு இருந்தது. இரண்டு பக்கத்தின் கிழிந்த விளிம்புகளையும் பொருத்திக் காட்டினார். விட்டார்கள்.

“பந்தே தொடாத உம்மையுமெல்லோ அந்த ரீமிலை சேர்த்திருப்பாங்கள், தம்பி” என்றார்.

இப்போது பிரிண்டர் நின்றால், “உங்கடை ஏதும் உள்ளுக்கை நிக்குதோ?” என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்காமல் நான் அதைத் தொடுவதில்லை. வந்த தாளைக் கடைசி வரி வரை வாசிக்காமல் மடிப்பதுமில்லை.