கண்டுபிடித்தும் சொல்லாத கசிவு

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருந்த நேரம். திருப்பதியில், ரேணிகுண்டா போகும் சாலையை ஒட்டிய ஒரு தெருவில் நானும் ஐந்து வயது மகளும் குடியிருந்தோம். என் கணவர் கம்ப்யூட்டர் வேலைக்காக அமெரிக்கா போய் மூன்றாவது வருடம். எங்களுக்கு விசா தள்ளிக்கொண்டே போனது.

அந்தப் பொங்கலுக்கு ஒரு மாத லீவில் வந்தவர், பெட்டி நிறைய டியூபும் குழாயும் கொண்டுவந்தார். அங்கே நண்பர்கள் வீட்டிலேயே பீர் குழாய் வைத்திருக்கிறார்களாம். மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையில் பழைய ஃபிரிட்ஜுக்குள் ஒரு ஸ்டீல் பீப்பாய், பக்கத்தில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், ஃபிரிட்ஜ் கதவில் குழாய். பெங்களூரில் பப் நடத்தும் சிநேகிதர் பீப்பாயை நிரப்பிக் கொடுத்தார். திருப்பதியில் இருந்துகொண்டு வீட்டுக்குள் பீர் குழாயா என்று நான் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பீர் தீர்ந்ததும் பீப்பாயைக் கழுவித் தண்ணீர் ஊற்றி சோடாவாக்கிக் காட்டினார். மகளுக்கு எலுமிச்சை சோடா என்றால் உயிர். அதனால் அவர் போன பிறகும் அது அப்படியே இருந்தது.

மாதக்கணக்கில் வரவேண்டிய கேஸ் பத்தே நாளில் தீர்ந்துவிட்டது. சாலையோரம் தீயணைப்பு சிலிண்டர்களுக்கு கேஸ் பிடித்துக் கொடுக்கும் கடையில் ஆட்டோவில் எடுத்துப் போய் நிரப்பி வந்தேன். அதுவும் நிற்கவில்லை.

வாராவாரம் வரும் அவருடைய ஞாயிறு போனில் சொன்னேன். வழக்கமாக எங்கள் பேச்சு ஐந்து நிமிடம்தான். சாப்பிட்டியா, பாப்பா படிக்கிறாளா, வெயில் எப்படி. அவ்வளவோடு வார்த்தை தீர்ந்துவிடும். அன்றைக்கு முக்கால் மணி நேரம் பேசினோம். சோப்புத் தண்ணீரைக் கரைத்து பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவு, எங்கே நுரை கிளம்புகிறதோ அங்கேதான் கசிவு என்றார். நான் ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டு ஓடுவேன், தடவிப் பார்ப்பேன், திரும்ப ஓடி வந்து சொல்வேன். முதல் வாரம் பீப்பாய் மூடி. அடுத்த வாரம் டியூப் மாட்டும் இடங்கள். நடுநடுவே வேறு பேச்சும் வந்தது. சனிக்கிழமைகளில் துணி துவைக்கும் கடையில் உட்கார்ந்து, மற்றவர்கள் வீட்டுக் குழந்தைகளின் சட்டைகள் மெஷினுக்குள் சுழல்வதைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். மூன்று வருடத்தில் அதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை.

மூன்றாவது ஞாயிறு, அவர் போன் வருவதற்கு முன்பே கசிவைக் கண்டுபிடித்துவிட்டேன். பிரஷர் காட்டும் மீட்டர் சிலிண்டரோடு சேரும் இடம். உள்ளே இருந்த வெள்ளை வாஷர் பிளந்திருந்தது. அவர் வைத்துப் போன டப்பாவிலேயே புது வாஷர்கள் இரண்டு இருந்தன. மாற்றி, ஸ்பேனரால் ஒரு திருகு திருகினால் ஐந்து நிமிட வேலை.

போன் அடித்தது. கிடைத்ததா என்று கேட்டார்.

"இல்லீங்க. இன்னும் தெரியல."

அது வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. அவருக்குக் கவலை கூடியது. ஆபீஸில் விசாரித்துவிட்டு புதன்கிழமையும் கூப்பிட்டார். கசிவே இல்லாத இடத்தில் நுரை வந்ததாக நான் சொன்னேன். கேஸ் தீர்ந்தால் நிரப்பிவந்து, பிளந்த வாஷரோடே மாட்டினேன். கேஸ் எரியாது, பயமில்லை என்று சொல்லியிருந்தார். அறைக் கதவை மட்டும் திறந்தே வை என்றும் ஒரு முறை சொன்னார். நான் குரலைத்தான் கேட்டேன், சொன்னதைக் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் வேலை செய்த அக்கா வெதுருகுப்பம் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். கணவர் குவைத்தில் டிரைவர். சித்திரை வெயிலுக்கு மதியம் சாப்பிட்டதும் அந்தப் படிக்கட்டு அறையில், தரை ஜில்லென்று இருக்கிறது என்று பாய் விரித்துப் படுப்பார். ஒருநாள் எழுந்து வந்து, "அங்க படுத்துக்கினு எழுந்தா தல கிர்ருனு சுத்துதும்மா" என்றார். வெயில்தான் காரணம் என்று மோர் கொடுத்தேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, காலையில்தான் சிலிண்டர் நிரப்பி மாட்டியிருந்தேன். மூன்று மணிக்குப் பார்த்தால் அக்காவைக் காணோம். அனல் காற்று வராமலிருக்க அறைக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். திறந்து கூப்பிட்டேன், அசையவில்லை. குனிந்து தோளை உலுக்கியபோது, சோடாவை அவசரமாகக் குடித்தால் மூக்கில் ஏறுமே, அந்தக் காந்தல் என் மூக்கிலும் ஏறியது. அப்போதுதான் எல்லாம் விளங்கியது: கசிந்த கேஸ் மூடிய அறைக்குள் தரையோடு தேங்கி நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பாயோடு சேர்த்து அவரை வாசல் வரை இழுத்தேன். எனக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. பக்கத்து வீட்டார் ஆட்டோ பிடித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். விளக்கு வைக்கும் நேரத்துக்கு அக்கா கண் விழித்து, என்னை அடையாளம் கண்டு, தண்ணீர் கேட்டார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கட்டிலருகில் உட்கார்ந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவார், எழுந்து போகச் சொல்வார் என்று நினைத்தேன்.

அவர் கண்ணை மின்விசிறிக்குத் திருப்பினார். பிறகு மெல்லச் சொன்னார்.

"எங்கூட்டுக்காரரு மாசத்துக்கு ஒருக்காதான் ஊர் பூத்துக்குப் போன் பண்ணுவாரு. ஆடு சீக்காயி படுத்துக்கினு கீதுன்னு ஒருவாட்டி பொய் சொன்னேன். மறுநாளும் பண்ணாரு. அதுக்கு மறுநாளும் பண்ணாரு. அப்புறம் ஆடு தேறிடுச்சின்னு சொல்லியே ஆகணுமேன்னு எனக்கு அழுகையா வந்துச்சி."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் பொறுத்து, "ஆனா என் தல சுத்துதுன்னு சொன்னன் பாரு, அத நீ காதுல வாங்கியிருக்கணும்மா" என்றார். அவர் கோபமே இல்லாமல் சொன்னதுதான் இன்றைக்கும் சுடுகிறது.

மறுநாள் காலை வாஷரை மாற்றி, சிலிண்டரை மூடி, வெளித் தாழ்வாரத்துக்கு நகர்த்தினேன். பிறகு எஸ்டிடி பூத்துக்குப் போய், முதன்முறையாக நானே அவரைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, "பேசணும்னா பேசணும்னு சொல்லியிருக்கலாம் இல்ல" என்றார். நீங்களும் சொன்னதில்லையே என்றேன். அந்தப் புதன்கிழமையும் போன் வந்தது. கேட்க எதுவும் இல்லாமல் இருவரும் திணறினோம், இருந்தும் வைக்க மனமில்லை.

எங்களுக்கு விசா கிடைக்க இன்னும் ஒன்றரை வருடம் ஆனது. அதுவரை அக்கா எங்கள் வீட்டிலேயே இருந்தார். இன்று ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிடுகிறோம். ஆனாலும் சில ஞாயிறுகளில், அந்தக் கருப்பு ரிசீவரை வைத்துவிட்டு ஓடி ஓடி வந்து பேசிய பெண்ணை நினைத்து மனம் ஏங்கும். 'என்னோடு கொஞ்சம் பேசுங்கள்' என்று கேட்கக் கூச்சப்பட்டு இன்னொருத்தியின் மூச்சைப் பணயம் வைத்தவளும் அவள்தான் என்பது கூடவே வந்து நிற்கும்.