தட்டில் ஒரே ஓர் ஓட்டை

என் வயிற்றுக் கிருமியை எந்த மருந்து கொல்லும் என்று அறிய லேபுக்குப் போனேன். முகக்கவசத்துக்கு மேல் கண்கள் மட்டும் தெரிந்த டெக்னீஷியன் அம்மணி, கிருமி வளர்த்த தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அதில் வைத்திருந்த ஆறு மருந்து வில்லைகளில் ஒன்றைச் சுற்றி மட்டும் வட்டமாக வெறுமை.

"ஒரு ஓட்டைதானுங்க, பாஸ் பண்ணிடலாம்," என்றேன், பனியன் கம்பெனியில் இருபது வருடம் துணி செக்கிங் பார்த்த புத்தியில்.

"ஏனுங்க, அந்த ஓட்டையிலதான் கிருமி செத்திருக்குதுங்க. மத்த அஞ்சு மருந்தையும் அது சட்டையே பண்ணலீங்க. மாத்திரையப் பாதியில நிறுத்துவீங்களா?"

"வலி நின்னா நிறுத்திடுவனுங்க."

"அப்படிப் பாதியில நிறுத்தித்தான் கிருமி மருந்துக்குப் பழகிப்போச்சுங்க. இந்த ஒண்ணையாவது முழுசா முடிச்சுருங்க சாமி. இதும் போச்சுன்னா எந்த மருந்தைத் தேடறதுங்க?"

டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையைப் பதினான்கு நாளும் விழுங்கினேன். வருடக்கணக்காக மனைவி சொல்லிக் கேட்காதவன், அந்த லேப் அம்மணி ஒரு தரம் சொன்னதும் எப்படிக் கேட்டேன் என்பதை வீட்டில் இன்னும் விளக்க முடியவில்லை.