பனி விட்டுப்போன கல்

பலராமனால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. வல்லக்கோட்டையில் அவனைத் தெரிந்தவர்கள் முதலில் இதைத்தான் சொல்வார்கள். ஒரகடத்தில் லாரி செய்யும் கம்பெனி ஒன்றில் பதினோரு வருஷமாக வேலை. லைன் முடிவில் எந்த வண்டியாவது சரியில்லை என்றால் அது ரீவொர்க்குக்கு அவனிடம் வரும். எஞ்சினைக் கிளப்பிவிட்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி நடப்பான். இரண்டாவது சுற்றில் பிடித்துவிடுவான்: போல்ட் வேறு சைஸ், ஒயர் எங்கோ உரசுகிறது. வண்டி கிளம்பிப் போனதும் அவனுக்குக் கை கால் பரபரக்கத் தொடங்கிவிடும். லீவு நாளில் பைக்கை எடுத்துக்கொண்டு உத்திரமேரூர் வரை போய், டீகூடக் குடிக்காமல் திரும்பி வருவான்.

முப்பத்தாறு வயதில் ஒரு விளம்பரம் பார்த்தான். அண்டார்டிகாவில் இந்திய ஆய்வு நிலையத்துக்குக் கோடைக்கால வேலைக்கு வண்டி மெக்கானிக் தேவை. மனைவி எழிலரசியிடம் போனை நீட்டினான். ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனி ஒன்றில் செக்கிங்கில் இருந்த அவள், நைட் ஷிப்ட் முடிந்து வந்த களைப்பில் படித்துப் பார்த்தாள்.

"நாலு மாசந்தான, போய்ட்டு வா. இங்க இருந்து மட்டும் இன்னா கிழிக்கிற? வூட்டுக்குள்ளயே நடந்துகினு கீற."

தேர்வு, மருத்துவப் பரிசோதனை, இமயமலையில் பனிப் பயிற்சி எல்லாம் தாண்டினான். கம்பெனியில் சம்பளமில்லாத லீவு கொடுத்தார்கள். நவம்பர் கடைசியில் கேப் டவுனிலிருந்து விமானம் அவனைப் பனியின் மேல் இறக்கிவிட்டது.

அங்கே போனால் மனசு அடங்கும் என்று நினைத்திருந்தான். நடந்தது வேறு. ஜனவரி கடைசி வரை சூரியன் மறையவே இல்லை. ஜன்னலை மறைத்துப் படுத்தாலும் தூக்கம் இல்லை. காற்று நின்ற நேரங்களில் தன் மூச்சே அவனுக்கு இரைச்சலாக இருந்தது. பட்டைச் சக்கரம் பூட்டிய பனி வண்டிகளை வேலை இல்லாதபோதும் கழற்றி மாட்டினான்.

இசைவாணி அந்தப் பயணத்தில் வந்த புவியியல் ஆய்வாளர். தூத்துக்குடிக்காரி, வயது இருபத்தொன்பது. பனிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறை மலையில் அவளுக்கு வேலை. அடிவாரத்திலும் நடுச் சரிவிலும் அவள் தேடிய, அந்த மலையைச் சேராத கற்கள் கிடைத்துவிட்டன. உச்சியில் மட்டும் மூன்று முறை ஏறியும் ஒன்றும் இல்லை. நான்காவது முறை பலராமன்தான் வண்டி ஓட்டினான். அடிவாரத்தில் எஞ்சின் திணறி நின்றது. டீசல் பில்டரில் ஐஸ். மாற்றிவிட்டு ஹீட்டர் போட்டான். எஞ்சின் சூடேற இரண்டு மணி நேரமாவது ஆகும் என்று நிலையத்துக்கு ரேடியோவில் சொல்லிவிட்டு, அவளோடு தானும் மேலே ஏறினான்.

உச்சி ஒரு வீட்டு மொட்டை மாடி அளவுதான். அவள் குனிந்து தேட, அவன் அதைச் சுற்றி நடந்தான். இரண்டாவது சுற்றில் நின்றான்.

"மேடம், இது இந்த மலை கல்லு இல்ல."

"எப்படிண்ணே சொல்லுதீங்க?"

"சுத்தியும் சாம்பல் கலரு. இது மட்டும் செவப்பா கீது. அடியில மூணு சின்னக் கல்லு மேல குந்திகினு கீது பாருங்க, யாரோ தூக்கி வெச்ச மாரி."

இசைவாணி முழங்காலிட்டுப் பார்த்தாள்.

"யாரும் வைக்கலண்ணே, பனி வச்சிருக்கு. இந்தச் செவப்புப் பாறை கண்டத்துக்குள்ள நூறு கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கு. பனி அங்கருந்து இழுத்துட்டு வந்து, உருகி எறங்கும்போது இங்கயே விட்டுட்டுப் போயிருக்கு."

பலராமன் கீழே பார்த்தான். அவன் ஓட்டி வந்த வண்டி ஒரு சிவப்புப் புள்ளியாகத் தெரிந்தது.

"அப்ப பனி இம்மா உசரம் இருந்ததா?"

"இதுக்கு மேலயும் இருந்திருக்கும்."

"அந்தத் தண்ணில்லாம் எங்க போச்சி?"

"கடலுக்குத்தான்."

"எந்தக் கடலு?"

"கடல் ஒண்ணுதானண்ணே. உங்க சென்னைப் பக்கத்துக் கோவளத்துல இருக்கதும் அதுதான்."

அவள் கல்லை உடைத்துப் பையில் போட்டபடியே சொன்னாள். இருபதாயிரம் வருஷத்துக்கு முன்னால் கடல் இன்றைக்கு இருப்பதைவிட நானூறு அடி கீழே இருந்தது. அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் வடக்கே கிடந்த பனி உருகித்தான் பெரும்பகுதி ஏறியது. இந்தத் தெற்குப் பனியின் பங்கு எவ்வளவு, எவ்வளவு வேகமாக இறங்கியது என்பதைத்தான் இப்போது தேடுகிறார்கள். மெதுவாகவே ஏறியிருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு கட்டத்தில் சில நூறு வருஷத்துக்குள் ஐம்பது அடி ஏறியிருக்கிறது. பனி விலகிய நாளிலிருந்து வானத்துக் கதிர்கள் கல்லில் படத் தொடங்கும். அவை விட்ட அடையாளத்தை அளந்தால் கல் வெளியே வந்து எத்தனை வருஷம் என்று தெரிந்துவிடும்.

பலராமன் மனதில் கணக்குப் போட்டான். ஒரு ஆள் பிறந்து சாவதற்குள் ஆள் உயரத்துக்கு மேல் கடல். அன்றைக்கும் அவன் தூங்கவில்லை.

மார்ச்சில் ஊர் திரும்பினான். எழிலரசிக்குக் கேளம்பாக்கத்தில் ஒரு கல்லூரியில் லேப் உதவியாளர் வேலை கிடைக்கும்போல் இருந்தது. பக்கத்திலேயே கோவளத்தில் முகத்துவாரத்தை ஒட்டி அவள் அப்பா விட்டுப்போன மனை கிடந்தது. அங்கேயே வீடு கட்டிவிடலாம், நைட் ஷிப்டும் தொலையும் என்றாள்.

"அங்க வேணாம்."

"ஏன்?"

சொன்னான். அவள் கையிலிருந்த கரண்டியை வைத்தாள்.

"இருவதாயிரம் வருசத்துக்கு முன்னாடி நடந்ததுக்கு நான் இன்னும் நைட் ஷிப்ட் போவணுமா?"

ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகக் கோவளம் போய், முகத்துவாரத்தில் ஒரு பழைய தூணில் தண்ணீர் மட்டத்தைச் சாக்பீஸால் குறித்துவிட்டு வந்தான். இசைவாணிக்குப் போட்டோ அனுப்பினான். "அண்ணே, ஓதம் ஏறி எறங்குறதே ரெண்டு மூணு அடி. இதுல ஒண்ணும் தெரியாது" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகும் இரண்டு வாரம் போனான். ரீவொர்க்கில் ஒரு வண்டியில் தளர்ந்திருந்த பைப்பைக் கவனிக்காமல் விட்டான். சூப்பர்வைசர் மோகன் கூப்பிட்டுக் கேட்டார்.

"இன்னா பலராமா, ஆளு இன்னும் அங்கயேதான் கீறியா?"

ஒன்றரை வருஷம் கழித்து இசைவாணி போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டான். அவன் கண்ட கல் பனியை விட்டு வெளியே வந்து ஏறக்குறைய ஒன்பதாயிரம் வருஷம். அடிவாரத்துக் கல்லுக்கும் கிட்டத்தட்ட அதே வயது.

"அப்படின்னா?" என்றான்.

"மலை உயரம் பூரா பனி சட்டுனு எறங்கியிருக்குண்ணே. சில நூறு வருஷத்துல. மேல உள்ள கல் இல்லன்னா இதச் சொல்லியிருக்கவே முடியாது. மலைக்கு அந்தப் பக்கம் இன்னும் யாருமே பாக்கலண்ணே."

எழிலரசி போனைத் தன் பக்கம் இழுத்தாள்.

"ஏம்மா, ஒன்னு மட்டும் சொல்லு. கோவளத்துல நான் வூடு கட்டலாமா, கூடாதா?"

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

"அக்கா, இந்த நூறு வருஷம் முடியுறதுக்குள்ள ரெண்டு மூணு அடி ஏறும்னு கணக்குச் சொல்லுதாங்க. பழைய வேகம் திரும்ப வந்தா அதுக்கு மேல. வருமான்னு எனக்கு நெசமாவே தெரியாதுக்கா."

மூன்றாம் நாள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சொன்னாள்.

"என் காலத்துல கடலு வராது, எனக்குத் தெரியும். ஆனா வூடுன்னு கட்டினா அது என் காலத்தோட போவாது. கேளம்பாக்கத்துல வாடகைக்குப் பாரு. நான் அந்த வேலைக்குப் போறேன்."

மனை அப்படியே கிடந்தது. பக்கத்து வீட்டு முப்பிடாதி அதில் மீன்வலை காயப்போட்டுக்கொண்டார். கேளம்பாக்கத்திலிருந்து பலராமன் ஒரகடத்துக்குத் தினமும் இரண்டு பஸ் மாறிப் போனான். எழிலரசி மாலை ஆறு மணிக்கு வீட்டில் இருந்தாள், முகம் தெளிந்திருந்தது. அவனுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

அடுத்த விளம்பரம் வந்தபோது அவன் அவளிடம் காட்டவில்லை. அவளே பார்த்துவிட்டாள்.

"இந்த வாட்டி எத்தினி மாசம்?"

"பதினாலு. குளிர்காலமும் சேத்து."

விண்ணப்பத்தில் குடும்பத்தார் கையெழுத்து போடும் இடம் இருந்தது. அவள் அந்தத் தாளை மூன்று நாள் அலமாரியில் வைத்திருந்தாள். அவன் பால்கனிக்கும் வாசலுக்குமாக நடந்தான். நான்காம் நாள் காலை சாப்பாட்டு டப்பாவோடு சேர்த்து நீட்டினாள்.

"அந்த மலைக்கு அந்தாண்ட பக்கம் யாரும் இன்னும் பாக்கலன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சி இல்ல? போய்ப் பாத்துட்டு வா."

கையெழுத்தைத் தேதியோடு போட்டிருந்தாள்.