எட்டுச் சுற்று ரீலும் அனுஷாவின் மணிக்கட்டும்

திங்கட்கிழமை காலை தூண்டில் கடை திறந்து பத்து நிமிடம் ஆகவில்லை, போன் அடித்தது.

“அண்ணை, நான் அனுஷா. நீங்கள் தந்த ரீலால நேத்து எறிஞ்சு பழகினன், என்ர கை வீங்கிப் போச்சு.”

அனுஷா சுவிஸில், எங்கள் பீல் நகரத்தில் பஸ் ஓட்டுகிறவள். வலது மணிக்கட்டில் சத்திரசிகிச்சை செய்து, மூன்று மாதம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பவும் ஸ்டியரிங்கைப் பிடித்தவள். இந்தச் சத்திரசிகிச்சைக் கதையே அந்தப் போனில்தான் எனக்குத் தெரிய வந்தது.

“திரும்ப வீங்கினால் பஸ் ஓட்ட ஏலாது எண்டு டொக்டர் சொன்னவர் அண்ணை. வெள்ளிக்கிழமை கனடாவுக்குப் போறன். அங்க தம்பி மீன் பிடிக்க ஏரியில படகெல்லாம் வாடகைக்குப் பிடிச்சிட்டான். நான் என்ன செய்ய?”

“இனித் தூண்டிலை எறிஞ்சு பாக்காதேங்கோ. நான் பாத்திட்டுப் போன் எடுக்கிறன்,” என்றேன். எதைப் பார்ப்பது என்று எனக்கே தெரியவில்லை.

1. விரல் நுனிப் பழக்கம்

தூண்டில் கடைக்கு வருமுன் நான் இருபத்திரண்டு வருடம் கடிகாரத் தொழிற்சாலையில் இருந்தேன். அங்கே ஒரு சக்கரம் நல்லதா கெட்டதா என்று விரல் நுனியில் சுற்றிப் பார்ப்போம். உரசாமல், சத்தமில்லாமல் ஓடினால் நல்லது. அந்தப் பழக்கத்தோடுதான் தூண்டில் நூலைச் சுற்றி இழுக்கும் ரீலும் விற்றேன்.

அனுஷா கேட்டது கனடா ஏரிகளில் உள்ள மஸ்கி மீனுக்கு ஒரு ரீல். நம் ஏரியில் சுவிஸ்காரர் ஹெக்ட் என்று சொல்லும் மீனின் இனம்தான், ஆனால் அதைவிடப் பெரியது. அதற்கு எறியும் லூர், அதாவது செயற்கை இரை, என் முன்கை நீளம் இருக்கும். அதில் உள்ளங்கை அகலத்தில் இரண்டு தகடுகள் தண்ணீரில் சுழலும். இழுக்கும்போது ஒரு வாளியை இழுப்பதுபோல் கனக்கும். நான் கடையில் இருந்த ரீல்களை ஒவ்வொன்றாக வெறுமனே சுற்றிப் பார்த்து, வழுக்கிக்கொண்டு ஓடியதை எடுத்துக் கொடுத்தேன். கியர் எட்டுக்கு ஒன்று. கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் உள்ளே நூல் உருளை எட்டுமுறை சுற்றும்.

ரீல் வாங்க வந்த அன்று அவள் கையில் கறுப்புப் பட்டி கட்டியிருந்தாள். நான் அவளிடம் எந்த ஊர், யாருடைய மகள், தம்பி கனடாவில் எந்தப் பக்கம் என்று எல்லாம் கேட்டேன். நம் சனத்துக்கு அதெல்லாம் கேட்காவிட்டால் தலை வெடித்துவிடும். கையில் என்ன என்று மட்டும் கேட்கவில்லை.

2. கால்வாய்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதே ரீல் ஒன்றும், விற்காமல் கிடந்த ஐந்துக்கு ஒன்று ரீல் ஒன்றும் எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் ஓடும் கால்வாய்க்குப் போனேன். லூரில் இருந்த தூண்டில் முட்களைக் கழற்றிவிட்டேன். மீன்பிடி அனுமதி என்னிடம் இல்லை. ஒரு கிழவர் நாயோடு நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் யாரையாவது கூப்பிட்டுவிடுவாரோ என்று வேறு பயம்.

எட்டுக்கு ஒன்றைப் போட்டு ஓட்டத்துக்கு எதிராக இழுத்தேன். இருபது சுற்றில் முன்கை எரிந்தது. மணிக்கட்டு தானாக வளைந்து இழுத்தது. ஐந்துக்கு ஒன்றில் அதே லூர் மெதுவாக வந்தது, கூடுதலாகச் சுற்ற வேண்டியிருந்தது, ஆனால் கை நோகவில்லை. கைப்பிடியும் நீளம், குமிழ் முழு உள்ளங்கைக்கும் அடங்கியது. கடிகாரச் சக்கரம் எந்தக் காலத்தில் பாரம் இழுத்தது? இருபத்திரண்டு வருட அனுபவம் என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிந்த எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

3. முதலாளி

எனக்கு அப்போது புரோபெட்சைட், தகுதிகாண் காலம். முடிய இரண்டு வாரம் இருந்தது. ஐம்பத்து மூன்று வயதில் இன்னொரு வேலை யார் தருவார்கள்? அவள் பிழையாகப் பாவித்துவிட்டாள் என்று சொன்னால் நான் தப்பலாம். ஒரு முழுத் தேநீர் நேரம் அதை யோசித்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

கடைசியில் ரீலை மாற்றிக் கொடுக்கவா என்று முதலாளியிடம் கேட்டேன். ஹெர் மார்ட்டி, அதாவது திரு மார்ட்டி, ஜெர்மனில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

“நூல் சுத்தின ரீலைத் திருப்பி எடுக்கிறேல்லை. உனக்குத் தெரியும்தானே?”

“தெரியும். ஆனால் பிழை அவளில இல்லை, என்னில.”

அவர் எட்டுக்கு ஒன்றை எடுத்து விரலால் சுற்றினார். “இது நல்லாத்தானே ஓடுது?”

“அப்படிச் சுத்தினால் எல்லாம் நல்லாத்தான் ஓடும். லூரைக் கட்டி இழுத்துப் பாருங்கோ.”

அவர் அந்த ரீல் பூட்டிய தூண்டில் தடியை எடுத்துக்கொண்டு கால்வாய்ப் பக்கம் போனார். திரும்பி வந்தபோது முன்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். “மாத்திக் குடு,” என்றார். என் வேலையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

4. இரண்டு வாரம்

புதன்கிழமை அனுஷா வந்தாள். கால்வாயில் நானே பக்கத்தில் நின்று ஐந்துக்கு ஒன்று ரீலால் இழுக்க வைத்தேன்.

“நோகுதோ?”

“இல்லை அண்ணை. ஆனா வீக்கம் இன்னும் முழுக்க வத்தேல்லை.”

“நொந்தால் அந்த இடத்திலயே விட்டுடுங்கோ. மீன் எங்கயும் ஓடாது.”

வெள்ளிக்கிழமை அவள் கனடாவுக்குப் போய்விட்டாள். மனைவி “ஒருக்கா மெசேஜ் போட்டுக் கேளுங்கோவன்” என்றாள். எனக்குத் துணிவு வரவில்லை. வீங்கிவிட்டது என்று பதில் வந்தால்? என் தகுதிகாண் காலம் முடிந்து, ஹெர் மார்ட்டி கடிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அந்தச் சந்தோசம்கூட முழுதாக ஒட்டவில்லை. போகிற வருகிற பஸ்களின் ஓட்டுநர் ஆசனத்தையே பார்த்துக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாவது வாரம், நான் நின்ற தரிப்பில் பஸ் ஒன்று வந்து முன்கதவு திறந்தது.

“ஏறுங்கோ அண்ணை!”

நான் முதலில் பார்த்தது அவளுடைய வலது கையை. பட்டி இல்லை, வீக்கம் இல்லை. ஸ்டியரிங்கில் இருந்தது.

“மீன்?” என்று கேட்டேன்.

“ஆறு நாள் எறிஞ்சன். ஒண்டும் பிடிபடேல்லை.”

வெறுங்கையோடு திரும்பி வந்த ஒரு வாடிக்கையாளரால் நான் அவ்வளவு மகிழ்ந்தது அன்றைக்குத்தான்.

கடைக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பெரிய லூருக்கு ரீல் கேட்டு யாராவது வந்தால் மெதுவான கியரை எடுங்கள், நீளமான கைப்பிடியைப் பாருங்கள், தண்ணீரில் பாரத்தோடு இழுத்துக் காட்டுங்கள். அதற்கெல்லாம் முன்னால் ஒன்று. என்ன மீன் என்று கேட்க வாய் திறக்குமுன், “கையைக் காட்டுங்கோ” என்று சொல்லுங்கள்.