நோரா எடுத்து வைத்த நீல விளிம்புக் கோப்பை

முதலில் ஒரு திருத்தம். நான் நோராவைக் கெடுத்தவள் அல்ல. அவளோடு மரத்தடியில் விழுந்து கும்பிட்டவளும் அல்ல. அவளுடைய மேசையில், கதிரையில், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான்.

வட்ஸ்அப்பில் இந்தக் கதையைப் பரப்புவது நோராவின் மருமகள் சுபா. எங்கள் ஊர்ப் பிள்ளைதான். இந்தப் பதிவை அவள் வாசிப்பாள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

நோரா போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை... வெள்ளிக்கிழமையே எரித்தும் முடித்துவிட்டார்கள்.

எழுபதுகளில் இவரும் நானும் சிட்னிக்கு வந்து லிட்கத்தில் வீடு எடுத்தபோது, பக்கத்து வீட்டில் இருந்தவள் அவள். அயர்லாந்தில் பிறந்தவள். அந்தத் தெருவில் எங்களோடு பேசிய ஒரே ஆள்.

நல்லவள் என்று எழுத மாட்டேன். வாய் மோசம். இரவல் வாங்கிய சட்டியைக் கழுவாமல் திருப்பித் தருவாள்.

கிறிஸ்துவுக்கு முந்திய அயர்லாந்துத் தெய்வங்கள்தான் அவளுக்குத் தெய்வங்கள். அவற்றில் பிரிஜிட் பெரியவள். நெருப்புக்கும் கிணற்றுக்கும் உரியவள். அதே பெயரில் ஒரு புனிதையின் படம் எங்கள் கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் தொங்கியது. சொன்னேன். வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"உங்கட சிஸ்டர்மார் எங்கட அம்மனுக்கு முக்காடு போட்டு, ஞானஸ்நானமும் குடுத்து வைச்சிருக்கினம்." அவள் ஆங்கிலத்தில் சொன்னவை என் நினைவில் இப்படித்தான் இருக்கின்றன.

பின்கதவடியில் தட்டில் பால் வைப்பாள். மண்மேட்டுக்குள் குடியிருக்கும், கண்ணுக்குத் தெரியாத ஆட்களுக்காம்.

இவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார். "நோரா, உம்மட ஆக்கள் இப்பதான் குடிச்சிட்டுப் போச்சினம். வாலும் மீசையும் இருந்தது."

"பூனைக்குப் பசிச்சால் பூனையும் குடிக்கட்டும். உமக்கென்ன பொறாமை?"

ஆனால் வளவில் நின்ற பெரிய யூக்கலிப்டஸ் மரத்துக்கு ஒன்றும் வைக்க மாட்டாள். "இதின்ர ஆக்கள் வேற. நான் வர முதலே இஞ்ச இருக்கிறவை. பேர் தெரியாமல் கூப்பிடுறது மரியாதையில்லை."

பெயர்... அவளுக்கு எல்லாவற்றுக்கும் பெயர் வேண்டும்.

அந்த வீட்டில் இருந்தபோதுதான் என் முதல் பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. துணியில் சுற்றிக் கொண்டுபோனார்கள். முகத்தைக் காட்டவில்லை. பெண் என்று மட்டும் சொன்னார்கள். எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டேன். வீட்டுக்குப் போய் அடுத்ததைப் பெறுகிற வழியைப் பார் என்றாள் நர்ஸ்.

ஃபாதரிடம் போய் ஒரு பூசை ஒப்புக்கொடுக்கக் கேட்டேன். ஞானஸ்நானம் பெறாத பிள்ளை லிம்போவில் இருக்கும், மோட்சமும் இல்லை நரகமும் இல்லை என்று விளக்கினார். எனக்கு விளக்கத் தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் அந்தக் கேள்விக்கு முழுப் புள்ளி வாங்கியவள் நான்.

வேலியடியில் நின்று அழுதேன். நோரா கையைக்கூடப் பிடிக்கவில்லை.

"அழாதை. செத்தவைக்குக் கண்ணீர் வேண்டாம். அவைக்குப் பசி. பிள்ளையின்ர பேர் என்ன?"

"வைக்கேல்லை."

"பேரில்லாமல் எப்பிடிக் கூப்பிடுறது? வை."

வைத்தேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

ஒக்ரோபர் கடைசி நாளில் தன் இறந்தவர்களுக்கு அவள் மேசை போடுவாள். ரொட்டி, விளக்கு, ஒரு வெறுங்கதிரை. பிறகு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அயர்லாந்தில் அது இலை கொட்டி இருள் தொடங்கும் காலம். இங்கே வசந்தம். வாசலில் ஜகரண்டா பூத்திருக்க, உள்ளே இறந்தவர்களுக்குச் சாப்பாடு. பிழையான காலம் என்று சொன்னேன். பிழை என்றால் எனக்குப் பொறுக்காது.

யோசித்தாள். "என்ர ஆக்கள் அங்க செத்தவை. அவைக்கு அந்தக் கலண்டர்தான் தெரியும். உன்ர பிள்ளை இஞ்ச பிறந்தது. அதுக்கு இஞ்ச இருள் தொடங்குற ஏப்ரல் கடைசி."

அதன் பிறகு வருடத்தில் இரண்டு முறை மேசை போட்டாள். ஏப்ரல் மேசை என் பிள்ளைக்கு மட்டும்.

பிள்ளைக்கென்று நான் முதலே ஒரு எனாமல் கோப்பை வாங்கியிருந்தேன். இவருடைய கண்ணில் படக்கூடாது என்று அவளிடம் கொடுத்து வைத்தேன். ஏப்ரலில் அதில்தான் பால். பிள்ளையின் பெயரை நோரா பிழையாகச் சொல்வாள். திருத்துவேன். அடுத்த வருடமும் பிழையாகச் சொல்வாள்.

இவர் அந்த மாலைகளில் வெளியே புல் வெட்டுவார். வெட்டிய புல்லையே திரும்பவும் வெட்டுவார். அந்தப் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவரும் போய்ப் பல வருடம்.

நேர்சிங் ஹோமில் நோரா தன் மகனிடம், என் முன்னால், தெளிவாகச் சொன்னாள். "ஃபாதர் வேண்டாம். ரொட்டியும் என்ர ஆக்களின்ர பேரும் போதும்." பிறகு பேச்சு நின்றுவிட்டது.

பேச்சு நின்ற பிறகு ஃபாதரைக் கூட்டி வந்தார்கள். நெற்றியில் எண்ணெய் பூசினார்கள். அவள் விசுவாசத்துக்குத் திரும்பிவிட்டாள் என்று வெள்ளிக்கிழமை பிரசங்கம்... வாயில்லாதவளைத் திருப்புவது சுலபம்.

சனிக்கிழமை அவள் வாசலில் குப்பை ஏற்றும் பெரிய இரும்புத் தொட்டி நின்றது. மேலே அந்த மேசையின் கால் தெரிந்தது.

சுபா கையுறையோடு நின்றாள். "பழசெல்லாம் எறிஞ்சாச்சு அன்ரி. பேய் பிடிச்ச சாமான்கள்."

கோப்பையைப் பற்றிக் கேட்டேன்.

"ஒரு கோப்பைக்கே இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?" என்றாள். கதவைச் சாத்தினாள். மெல்பேர்ணுக்கு ஃபிளைட் இருக்கிறதாம்.

போட்டு வா, நோரா. உன்னை நான் கூப்பிட வேண்டியது ஒக்ரோபரிலா, ஏப்ரலிலா என்று சொல்லாமலே போய்விட்டாய்...

சுபா, வெள்ளை எனாமல், நீல விளிம்பு, பிடியருகே கொஞ்சம் உதிர்ந்திருக்கும். வைத்திருக்கிறாயா, எறிந்துவிட்டாயா? போன் எடுக்க வேண்டாம். எழுத்தில் பதில் போடு.